வளைந்த ஊசிக்கான நூல்

“ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க அதுக்குக் கண்ணா இருக்குது?” என்று பிரகதீஷ் கேட்டது பூவிழிக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது.

திருமணத்துக்கு முந்தைய வருடம் அது. திருப்பூரில் அத்தை வீட்டு மாடியில் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே நிட்டிங் மெஷின்கள் ஓடும் அதிர்வு நாற்காலிக் கால்களில் தெரிந்தது. அவன் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். ஒரு கையால் பிடிக்கும் பலம் அந்தக் கோடையோடு போயிருந்தது. அவள் கோயம்புத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் புரதங்களின் வடிவத்தைப் படம்பிடிக்கும் வேலையில் இருந்தாள். அவன் அவளுடைய அத்தை மகன். சிறு வயதிலிருந்தே அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

“கண்ணெல்லாம் இல்லீங்க மாமா. தடவிப் பார்க்கும்.”

“பொண்ணு பார்க்க வர்றவன் தடவியா பார்ப்பான்? ஒதைப்பாங்க.”

“உங்களுக்கு எதுலயும் கிண்டல். கேக்கறதுன்னா ஒழுங்காக் கேளுங்க. செல்லுக்குள்ள ஒரு நொதி இருக்குது. கெட்டுப்போன புரதத்தைப் பிரிச்சுப்போடறது அதோட வேலை. ஆனா எது கெட்டது, எங்க கெடக்குதுன்னு அதுக்குத் தெரியாது. கூட்டிட்டுப் போறதுக்கு இணைப்புப் புரதம்னு ஒண்ணு வரோணும். அதுல சின்னதா ஒரு வளையம் நீட்டிக்கிட்டிருக்கும். நொதியில இருக்கற பள்ளத்துல அந்த வளையம் கச்சிதமா உக்காந்தாத்தான், இது நம்மாளுன்னு நம்பி நொதி கூடப் போகும்.”

“உக்காரலைன்னா?”

“உங்க மெஷின்ல இருக்கற ஊசி மாதிரிதான். கொக்கி நூலைப் பிடிச்சாத்தான் துணி. கொக்கி வளைஞ்சு போச்சுன்னா நூலு நழுவும். துணியில ஓட்டை விழும்.”

“அப்ப நான் ஓட்டை விழுந்த துணி.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“உங்க நொதியில அந்தப் பள்ளம் பிறவியிலேயே கோணிப்போச்சு மாமா. எந்த வளையமும் அதுல நிக்கறதில்லை. ஆனா அந்தக் கோணலுக்குத் தகுந்த மாதிரியே கோணின வளையம் சில பேருக்கு ஒடம்புல இருக்குது. அதனால அவங்களுக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. சும்மா கெடக்குது.”

“யாருக்கு?”

“அத்தைக்கு இல்லை. எங்கப்பாவுக்கு இருக்குது. அப்பறம் எனக்கு.”

இதைச் சொல்லத்தான் அவள் காலையிலேயே பஸ் ஏறி வந்திருந்தாள். ஆய்வுக்காகத் தன் குடும்பத்தார் அத்தனை பேருடைய இரத்தத்தையும் அவளே எடுத்துச் சோதித்திருந்தாள். திரையில் அந்த வளையம் அவன் பள்ளத்தில் போய் அமர்ந்ததைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கண்டதை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவள் யோசிக்கவே இல்லை.

“அப்பாவுக்குச் சர்க்கரை. வயசும் தாண்டிருச்சு. தாய்மாமன் குடுக்கறதைச் சட்டமும் ஒத்துக்காது” என்றாள்.

“நீ குடுக்கோணும்னா சட்டப்படி நான் உன்னைக் கட்டிக்கோணுமே.”

“கட்டிக்கோங்க.”

“ரத்தத்துக்காகக் கட்டிக்கிட்டான்னு ஊரு பேசும்.”

“பேசட்டும்.”

“எனக்கே ஒரு நாளைக்கு அப்படித் தோணுச்சுன்னா?”

“அன்னைக்குப் போதும்னு சொல்லுங்க. நிறுத்திக்கலாம்.”

“சொல்றேன்” என்றான் பிரகதீஷ்.

அந்தச் சட்டம் நல்லெண்ணத்தில் எழுதப்பட்டதுதான். இணைப்புப் புரதத்தைத் தொழிற்சாலையில் செய்தால் கசங்கிப் போனது. உயிருள்ள செல்லுக்குள்தான் அது சரியாக மடிந்தது. எனவே பொருத்தமான ஒருவருக்கு ஊசி போட்டு, அவருடைய செல்களை அந்தப் புரதத்தை நிறையச் செய்ய வைத்து, வாரம் ஒருமுறை இரத்தத்திலிருந்து பிரித்து நோயாளிக்கு ஏற்றினார்கள். ஏழைகளை யாரும் விலைக்கு வாங்கிவிடக் கூடாதே என்று அரசாங்கம் ஒரு விதி வைத்தது. பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளை, கணவன், மனைவி, இவர்கள் மட்டுமே கொடுக்கலாம். விதி வந்த மறுவருடமே கல்யாணத் தரகர்கள் ஜாதகத்துக்கு முன்னால் வளையத்தைக் கேட்க ஆரம்பித்தார்கள். பெண்கள் தங்களுக்கு என்ன வளையம் என்பதை மறைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

பூவிழிக்கு மறைக்கத் தோன்றவில்லை. அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது.

முதல் வருடங்கள் நன்றாகவே இருந்தன. பிரகதீஷின் விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொண்ட நாளில் அவன் மில் முழுக்க ஜிலேபி கொடுத்தான். மல்லிகைச் சரத்தைத் தானே அவள் தலையில் வைத்துவிட்டு, கோணலாக வைத்ததற்குத் தானே சண்டையும் போட்டான். ஒரு நாள் மாடிப்படியில் அவளைத் தூக்கிக்கொண்டே ஏறினான். கீழே நின்ற அத்தை வசந்தாமணி, “மெல்ல, மெல்ல. கீழ போட்டுடாத சாமி. அவ ஒடம்பு இப்ப உன்ற ஒடம்பு” என்றாள். அன்று அது ஆசீர்வாதம் போலத்தான் கேட்டது.

பிள்ளையை மட்டும் தள்ளிப்போடச் சொன்னார்கள். சுமந்திருக்கும் மாதங்களில் எடுக்க முடியாது. எடுக்காமல் விட்டால் அவன் சக்கர நாற்காலிக்குப் போய்விடுவான்.

வியாழக்கிழமைதோறும் கோவைக்குப் போனார்கள். கொடுப்பவர்கள் கூடம் முழுவதும் பெண்கள். கணவன்மார் அடுத்த அறையில் படுத்திருப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் அவிநாசிக்காரியான ருக்கு அக்கா கையில் குழாயோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள்.

“பாத்தியா கண்ணு, எடுக்கற ஊசி அத்தனையும் பொம்பளைக்கு. ஏத்தற ஊசி அத்தனையும் ஆம்பளைக்கு.”

“எதிர்ப்பக்கமும் இருப்பாங்கக்கா.”

“இருப்பாங்க. போன வருசம் ஒரு பையன் அவன் பொண்டாட்டிக்குக் குடுக்க வந்தான். நர்ஸு புள்ளைக அவங்கூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாளுக.”

பூவிழி சிரித்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். “உங்க வீட்டுக்காரர் எப்பவாச்சும் போதும்னு சொல்லியிருக்காரா அக்கா?”

“சொல்லுவாரே. சோறு போடறப்ப.”

கூடமே சிரித்தது.

அவளுடைய கை தவறத் தொடங்கியது தோசைக் கரண்டியில். பிறகு சாவி. பிறகு ஆய்வுக்கூடத்தில் அவள் மிகவும் நம்பியிருந்த விரல்நுனிகள். மாதிரியைத் தட்டில் வைக்கும்போது துளி பக்கத்தில் விழுந்தது. மறுநாளும் விழுந்தது. வேலையை விடும்போது களைப்பு என்று காரணம் சொன்னாள். அவளுக்கு என்னவென்று தெரியும். பிரகதீஷின் பழைய நாட்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்.

டாக்டர் எஸ்தர் அவளோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். அவர் மூன்று பேரையும் உட்கார வைத்துத்தான் சொன்னார்.

“பூவிழி, உன் நொதியில பள்ளம் நேரானது. நாங்க உன் செல்லை விடாம செய்ய வைக்கிறது கோணல் வளையம். அது உன் பள்ளத்துல முழுசா உட்காராது. ஆனா வழியை மறிச்சுக்கிட்டு நிக்கும். உன் சொந்த வளையம் வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுது.”

“வெளங்கலீங்க டாக்டர்” என்றாள் வசந்தாமணி.

“விருந்தாளி வாசப்படியில கட்டிலைப் போட்டுப் படுத்துக்கிட்டா வீட்டுக்காரங்க எப்படிம்மா உள்ள போவாங்க? குப்பையை யார் அள்ளுவாங்க? இவ தசையில குப்பை சேருது. உங்க மகனுக்கு என்ன வியாதியோ, அதையே நாம இவளுக்குச் செஞ்சுக்கிட்டிருக்கோம். இப்பவே நிறுத்தினா இந்த அளவோட நிக்கும். நிறுத்தலைன்னா கை, அப்புறம் கால், அப்புறம் பேச்சு.”

பிரகதீஷ் தன் முழங்காலில் இருந்த ஒரு நூல் பிசிறை எடுத்துச் சுருட்டினான். இரண்டு விரல்களால் எவ்வளவு சுலபமாகச் சுருட்டினான் என்பதைப் பூவிழி பார்த்தாள்.

“இவருக்கு ஏத்தறதை நிறுத்தினா?” என்று அவள்தான் கேட்டாள்.

“வேற ஆள் கிடைக்காட்டி, ஆறேழு மாசத்துல பழைய நிலைமை.”

வசந்தாமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். “அடுத்த வியாழக்கிழமை வழக்கமான நேரந்தானுங்களா டாக்டர்?”

எஸ்தர் பூவிழியைப் பார்த்தார். பூவிழி கணவனைப் பார்த்தாள். அவன் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் அவன் காரை ஓரமாக நிறுத்தி இளநீர் வாங்கி வந்தான். அவள் கையில் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டு, குழலை அவள் வாயருகே வைத்தான். பின்னால் அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான்.

“என்னமோ சொல்ல வந்தீங்களே மாமா.”

“ஒண்ணுமில்லை. நீ குடி.”

அவன் சொல்ல வந்தது ‘போதும்’ என்ற அந்த ஒரு சொல்தான் என்று அவள் நம்பினாள். அவளே நிறுத்திவிட்டிருக்கலாம். கையில் குழாயைப் போட விடமாட்டேன் என்றால் யார் என்ன செய்ய முடியும்? ஆனால் அவளாக நிறுத்தினால் அது புருஷனை நாற்காலியில் தள்ளுவது. அவன் நிறுத்தச் சொன்னால் அன்பு. அவளுக்கு அந்த அன்பு வேண்டியிருந்தது. சொன்ன பிறகு அவனை நாற்காலியில் வைத்து ஆயுள் முழுக்கத் தள்ளிக்கொண்டு போகவும், பாதிக் கையோடு அவனுக்கு ஊட்டவும் அவள் தயாராக இருந்தாள். சொன்னால் போதும்.

அடுத்த வியாழக்கிழமை கார் வழக்கமான நேரத்துக்குக் கிளம்பியது.

அவளுடைய தங்கை தேன்மொழி நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா முன்பே இல்லை, அப்பாவும் போன பிறகு அவளுக்கு அக்காதான் எல்லாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் கையிலிருந்து தண்ணீர்ச் செம்பு நழுவி உருண்டபோது, அதை எடுத்து வைத்துவிட்டு நேராக அத்தையைப் பார்த்தாள்.

“அத்தை, கறவை மாட்டுக்குக் காய்ச்சல் வந்தாக்கூட கறக்கறதை நிறுத்துவாங்க.”

“மாடு வேற, மனுசி வேற அம்மிணி. மாட்டுக்குத் தன்னை நம்பி ஒரு உசிரு இருக்குதுன்னு தெரியாது. மனுசிக்குத் தெரியும்.”

“தெரிஞ்சதுக்குத்தான் இந்தத் தண்டனையா?”

“ஆரு தண்டனைன்னது? உங்கக்காளுக்கு நான் என்ன கொறை வெச்சேன், கேளு.” வசந்தாமணிக்குக் கோபமே வரவில்லை. தேன்மொழியின் இலையில் இன்னொரு வடையை வைத்தாள். “உங்கப்பன் கல்யாணத்துல கூடப்பொறந்தவளுக்குச் செய்யற இணைச்சீரு எனக்குத்தான் செஞ்சாங்க. கூறைச்சேலையோட ஒரு முனை அவன் கையில, ஒரு முனை என்ற கையில. பொறக்கற பொண்ணு என்ற மவனுக்குன்னு ஊரறிய வாக்குக் குடுத்துத்தான் உங்கம்மா கழுத்துல தாலி ஏறுச்சு. எந்தப் பொண்ணுன்னு அன்னைக்கு ஆரும் பிரிச்சுச் சொல்லலை.”

பூவிழியின் கை இலையில் நின்றது.

“அத்தை, என்ன பேசறீங்க?” என்றாள் தேன்மொழி.

“இருக்கறதைத்தான் பேசறேன். நூலு தீந்தா கோன் மாத்தறதில்லையா? மெஷினை நிறுத்திப்போட்டு அழுதுக்கிட்டா உக்காந்திருப்போம்? உங்கக்காளை நான் வெளிய போன்னு சொல்லலை. மகராசி மாதிரி மேல ரூமுல இருக்கட்டும். வெலகற பேப்பர்ல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக்குடுத்தாச் சரி. ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி, வேத்தாளா?”

தேன்மொழி அக்காவின் கையைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கோபம் மெல்லக் கலைந்து வேறொன்று வருவதைப் பூவிழி கண்டாள். அதற்குத்தான் அவள் பயந்தாள். இந்தப் பெண் மிரட்டினால் பணிய மாட்டாள். அக்கா ஓய்வெடுக்கட்டும் என்று யாராவது சொன்னால் தானாகவே வந்து கையை நீட்டிவிடுவாள்.

“எனக்கு அந்த வளையம் இருக்குதா அக்கா?” என்று தேன்மொழி கேட்டாள்.

குடும்பத்தின் இரத்தத்தை அன்று சோதித்தது பூவிழி மட்டும்தான். திரையில் தங்கையின் வளையம் தன்னுடையதைவிட இறுக்கமாக அந்தப் பள்ளத்தில் அமர்ந்ததைப் பார்த்ததும் அவள் மட்டும்தான். இந்த ஒன்றை ஏனோ அவள் அன்று யாரிடமும் சொல்லவில்லை.

“இல்லை” என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, அவனுக்கும் சேர்த்துச் சொன்னாள். “தேனுக்குப் பொருந்தாது. அம்மா ஜாடை அவளுக்கு. நானே பார்த்தேன். தயிர் போடட்டுங்களா?”

“இன்னொருக்கா பார்த்தா என்ன கெட்டுப்போச்சு?” என்று அத்தை ஆரம்பித்தாள்.

பிரகதீஷ் இலையை மடித்தான். “போதும் நிறுத்துங்கம்மா. இனி இந்தப் பேச்சு இந்த வீட்டுல வேண்டாம்.”

வசந்தாமணி வடைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாலையில் தேன்மொழி பஸ் ஏறும்போது, “மாமா நல்லவருதான், இல்லக்கா?” என்றாள். பூவிழி தலையசைத்தாள். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்டது. அம்மாவிடம் வந்தது தன்னிடமும் வரும் என்று அவள் கணக்குப் போட்டாள். அவளுக்கு அந்த ஒரு சொல்லே பல மாதங்களுக்குச் சாப்பாடாக இருந்தது.

அந்த மாதங்களில் அவளுடைய கால்கள் போயின. வியாழக்கிழமைகளில் அவன் அவளைத் தூக்கிக்கொண்டு போய் காரில் வைத்தான், தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தினான். கொடுப்பவர்கள் கூடத்தில் ருக்கு அக்காவின் கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். நர்ஸுகள் பிரகதீஷைக் காட்டித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். டாக்டர் எஸ்தர் ஒருமுறை அவள் காதருகே குனிந்து, “ஒரு வார்த்தை சொல்லு பூவிழி, இன்னிக்கே குழாயை எடுத்துடறேன்” என்றார். “அவர் சொல்லட்டும் எஸ்தர்” என்றாள் அவள். நாக்கு கனத்து, ஒவ்வொரு சொல்லும் தனியாக வந்தது.

தேன்மொழி போனில் கூப்பிடும்போதெல்லாம் பூவிழி ஒரு சொல்லோ இரண்டு சொல்லோதான் பேசினாள். பரீட்சை முடியட்டும், மழை விடட்டும், அப்புறம் வா என்றாள். வீடியோவில் முகம் காட்ட மறுத்தாள். அத்தை பக்கத்தில் வந்து நின்றால் போனை வைத்துவிட்டாள். உடம்பில் இன்னும் அவள் சொன்னபடி கேட்பது அந்த ஒரு பொய்தான். அதை மட்டும் அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம். மில்லுக்குச் சாப்பாட்டு நேரம். மெஷின்கள் நின்று வீடு அமைதியாக இருந்தது. வசந்தாமணி உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பிரகதீஷ் தட்டில் ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து கொண்டுவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கட்டிலைச் சாய்த்து, முதுகுக்குத் தலையணை வைத்து, கழுத்தில் துண்டு சுற்றினான். ஒவ்வொரு வாயையும் அவள் விழுங்கும்வரை காத்திருந்தான். அவசரப்படவே இல்லை. அவன் கைகள் உறுதியாக, சூடாக, அழகாக இருந்தன.

பாதிச் சாதத்தில் தட்டைக் கீழே வைத்தான்.

“ரொம்ப நாளா உன்கிட்ட ஒண்ணு கேக்கோணும்னு இருக்கேன் பூவு.”

நாளை வியாழக்கிழமை. அதனால்தான் இன்று சொல்கிறான். நாளைக் காலை கார் கிளம்பாது. எவ்வளவு தாமதமாக வந்தாலும் வந்துவிட்டது. இருக்கும் பேச்சும் மூச்சும் மிச்சமாகும். அவன் அழுதால் என்ன சொல்லித் தேற்றுவது என்று அவள் சொற்களைத் தேட ஆரம்பித்தாள்.

“கேளுங்க மாமா.”

“தேனுக்குப் பொருந்தும்.”

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும், பத்திரமாக வைத்திருந்ததை எடுத்தாள். “பொருந்தாது. நானே, பார்த்தேன்.” மூச்சு வாங்கியது. “ரசம், காரமா இருக்குது.”

“பாத்தியா? பொய் சொன்ன கையோட நீ வேற பேச்சு எடுப்ப. அன்னைக்கும் தயிர் போடட்டுமான்னு கேட்ட.” அவன் மெல்லச் சிரித்தான். பழைய, அன்பான சிரிப்பு. “இத்தனை வருசம் உன்கூட இருந்திருக்கேன். உன்னை எனக்குத் தெரியாதா?”

“அன்னைக்கேவா?”

“அன்னைக்கேதான். அம்மா அப்பவே கேட்டுரலாம்னாங்க. நாந்தான் வேண்டாம்னேன். உனக்கு முடியற வரைக்கும் முடியட்டும், நடுவுல கேட்டா உன்ற மனசு நோகும்னு பொறுத்திருந்தேன்.”

அவள் கடைவாயில் ரசம் வழிந்தது. அவன் துண்டின் நுனியால் வலிக்காமல் ஒற்றி எடுத்தான். பிறகு பையிலிருந்து போனை எடுத்து, தேன்மொழியின் எண்ணைத் தட்டி, மணி அடிக்க ஆரம்பித்ததும் அவள் காதோடு வைத்துப் பிடித்துக்கொண்டான்.

“நான் கூப்பிட்டா வரமாட்டா. நீ கூப்பிட்டா ஓடி வருவா. அவளை எனக்கு நீயே கட்டி வையி பூவு.”